தண்ணீருக்கு இரண்டு வரி கழிவு

சத்தம் போடுவது என் தொழில். தேயிலைத் தோட்டத்தில் நான் கங்காணி. கொழுந்து பறிக்கும் முப்பது பெண்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “காம்ப விடாத, முத்தல எடுக்காத, நெரைய விட்டுப் போகாத” என்று பொழுது சாயும்வரை கத்த வேண்டும். தமிழில் கத்திக் களைத்தால் சிங்களத்தில் கத்துவேன். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இரண்டு மொழியும் தெரியும் என்பதால் ஏச்சு எதுவும் வீணாவதில்லை. அந்த முப்பது பேரில் என் மனைவியும் ஒருத்தி. கங்காணி பெண்சாதிக்குச் சலுகை என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று அவளுக்கு மட்டும் ஒரு பங்கு கூடுதலாகவே ஏசுவேன். அதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாயை வைத்துக்கொண்டுதான் மகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

அவள் அப்போது நாலாம் வகுப்பு. எங்களுக்கு ஒரே பிள்ளை. ஒரு நாள் வகுப்பு டீச்சர் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார், அப்பாவும் அம்மாவும் வந்து பார்க்கும்படி. என் மனைவி எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத்தில் மாதர் தலைவி. அன்றைக்கு அவளுக்குப் புளத்கொகுபிட்டியவில் கூட்டம். நான் மட்டும் போனேன். அவளும் வந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. அவளுக்குக் காது ஒழுங்காக வேலை செய்யும்.

டீச்சர் கொப்பியை விரித்து வைத்தார். பலகையைப் பார்த்து எழுதிய பக்கங்களில் எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மேலே ‘என் வீடு’ என்று தலைப்பு. கீழே ஒன்றுமில்லை. அடுத்தது ‘என் அப்பா’. அதற்குக் கீழேயும் வெறும் கோடுகள்தான்.

“கணக்கு செய்யிறா, நல்லா வாசிக்கிறா. ஆனா சொந்தமா ஒரு வசனம் எழுதச் சொன்னா பென்சிலக் கடிச்சிக்கிட்டே ஒக்காந்திருக்கா” என்றார் டீச்சர். “அடுத்த வருஷம் ஸ்கொலஷிப் பரீச்ச வருது. அதுல சொந்தமா எழுதணும். இப்பவே பழக்காட்டி பொறகு கஷ்டப்படுவா. வீட்டுல பக்கத்துல ஒக்காருங்க. இன்னைக்கி என்னா நடந்திச்சின்னு கேளுங்க. அவ சொல்றத முழுசா கேளுங்க. அதையே ஒரு அஞ்சு வரி எழுதச் சொல்லுங்க. அவ்வளவுதான்.”

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு இருபது நிமிட ஏற்றம். அந்த ஏற்றம் ஏறி முடிப்பதற்குள் டீச்சர் சொன்னதில் என் தலையில் மிச்சம் நின்றது ‘அஞ்சு வரி’ மட்டும்தான். கங்காணி காதில் எண்ணிக்கை மட்டும்தான் ஒட்டும்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்போம். சொன்ன கிலோவை எடுத்துவிட்டால் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர்தான். இதைவிட நல்ல முறையை மனிதன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது அப்போது என் எண்ணம். ஆகவே புதுக் கொப்பி ஒன்று வாங்கி, அதற்கு அட்டை போட்டு, மறுநாள் மாலை ஐந்தரை மணிக்கு வீட்டு வாசலில் பெரட்டு வைத்தேன். பெரட்டு என்பது காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. இங்கே வரிசையில் நின்றது ஒரே ஒரு ஆள். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. மகளின் பெயரை முழுசாக, முதலெழுத்தோடு கூப்பிட்டேன்.

“வந்தேன் ஐயா!” என்று அவள் கையைத் தூக்கினாள். அவளுக்கு அது விளையாட்டு. விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சிரிக்காம போய் எழுது. அஞ்சு வரி. எழுதினா முழுப் பேரு. கொறஞ்சா அரைப் பேரு.”

அவள் மேசையில் உட்கார்ந்தாள். நான் கொழுந்து மலையில் நிற்பது போலவே அவளுக்குப் பின்னால், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். என்ன நடந்தது என்று கேட்கவுமில்லை, பக்கத்தில் உட்காரவுமில்லை. கங்காணி உட்கார்ந்தால் மலை கெட்டுவிடும் என்று எங்களுக்குப் பழக்கம். அரை மணி நேரத்தில் ஐந்து வரி வந்தது. முழுப் பேர் போட்டேன். டீச்சர் ஒரு வருஷமாக முடியாததை நான் ஒரே நாளில் முடித்துவிட்டதாக மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, “பாப்போம்” என்றாள். மாதர் தலைவி ‘பார்ப்போம்’ என்றால் தோட்டத்துத் துரைமாரே கொஞ்சம் யோசிப்பார்கள். நான் யோசிக்கவில்லை.

ஒரு கிழமை, ஏழு நாளும் நன்றாகப் போனது. நன்றாகப் போகிற வேலையைப் பார்த்தால் மேலே இருப்பவனுக்கு என்ன தோன்றும்? கூட்டத்தான் தோன்றும். இரண்டாம் கிழமை பத்து வரி என்று அறிவித்தேன்.

“டீச்சர் அஞ்சுதானே சொன்னாங்க” என்றாள் மகள்.

“அது பள்ளிக்கூடத்துல. இங்க பத்து.”

பத்து வரி வரத் தொடங்கியது. நான் விரலால் எண்ணிப் பார்த்து முழுப் பேர் போட்டுக்கொண்டே வந்தேன். எண்ணினேனே தவிர ஒரு நாளும் வாசிக்கவில்லை. ஒரு மாலையில் மனைவி அந்தக் கொப்பியை எடுத்துச் சத்தமாக வாசித்தாள்.

“எங்கள் வீட்டில் ஒரு கோழி இருக்கிறது. அது ஒரு கோழி. அந்தக் கோழி எங்கள் வீட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது கோழி. நேற்றும் கோழி இருந்தது. இன்றும் இருக்கிறது. நாளையும் கோழி இருக்கும்.”

அதற்கு மேல் அவளால் வாசிக்க முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “கங்காணிக்கி கண்ணு எங்க போச்சு? மலையில எங்க சாக்கத் தொழாவிப் பாக்குறீங்க. வீட்டுல சாக்கு நெறைய முத்தலு, முழுப் பேரு போட்டிருக்கீங்க!”

கொழுந்து குறையும் நாளில் சிலர் முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்துச் சாக்கை நிரப்புவார்கள். அந்த வித்தையை என் மகள் எழுத்தில் செய்திருக்கிறாள். எழுத்தையும் இடைவெளியையும் பெருசாக்கி, ஒரு வரிக்கு மூன்று சொல்லுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு மூக்கு உடைந்துவிட்டது. உடைந்த மூக்கோடு சும்மா இருக்க வேண்டியவன், மறுநாள் இன்னொரு சட்டம் கொண்டுவந்தேன். அடியாத மாடு படியாது என்று நம்புகிற ஆள் நான். அடித்ததில்லை, வாய்தான்.

“எட்டு வரிதான் சரி. ரெண்டு வரி தண்ணிக்கி கழிவு. இன்னைக்கி அரைப் பேரு.”

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இப்படித்தான் செய்வார்கள். சாக்குக்கு என்று கொஞ்சம், இலையில் ஒட்டிய தண்ணீருக்கு என்று கொஞ்சம் கிலோவிலிருந்து கழித்துவிடுவார்கள். மழை நாளில் கழித்தால் பெண்கள் பொறுத்துக்கொள்வார்கள். வெயில் கொளுத்துகிற நாளிலும் கழிக்கும்போதுதான் வயிறு எரியும். எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்து அந்த வயிற்றெரிச்சலும் தினமும் பரிமாறப்படும். என் மகள் அதைக் கேட்டே வளர்ந்தவள். நான் அதை மறந்துவிட்டேன்.

அவள் மெல்ல எழுந்து, வாசலுக்குப் போய், தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

“இன்னைக்கி மழையே இல்லியே. என்னா தண்ணி?”

அவள் பென்சிலைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். கொப்பியை என் கையில் கொடுத்தாள். “அப்ப நான் வேலைக்கி வர மாட்டேன்” என்றாள். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? புலி அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட்டேன். ஆளைக் காணோம். வாசல்படியில் உட்கார்ந்து கோழிக்கு அரிசிக் குருணை போட்டுக்கொண்டிருந்தாள். டீவி கிடையாது என்றேன். சரி என்றாள். போன் கிடையாது என்றேன். அதற்கும் சரி என்றாள். பிறகு நான் அடுக்களைப் பக்கம் போனபோது அங்கே அடுப்பில் கேத்தல் இல்லை.

“தேத்தண்ணி எங்க?”

“இன்னைக்கி இல்ல” என்றாள் மனைவி. “தொழிலாளிக்கி அநியாயம் நடந்திருக்கு. சங்கம் ஆதரவு குடுக்குது.”

“என்னா வெளையாட்டு இது?”

“வெளையாட்டு நீங்கதான் தொடங்குனீங்க. பெரட்டு வச்சது யாரு? பேரு போட்டது யாரு? எல்லாம் தோட்டம் மாதிரிதான் நடக்கணும்னா, சங்கமும் தோட்டம் மாதிரிதான் நடக்கும்.”

மூன்று நாள் என் தேத்தண்ணியை நானே ஊற்றிக் குடித்தேன். நானே சுட்ட ரொட்டியைக் கோழிக்குப் போட்டேன். அது கொத்திப் பார்த்துவிட்டு விலகிப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையாக வரக்காப்பொல போனவன், தலகுலி வாங்கி வந்தேன். எள்ளும் கருப்பட்டியும் இடித்துக் காகிதத்தில் சுருட்டிய அந்த இனிப்பென்றால் மகளுக்கு உயிர். மேசையில் வைத்துவிட்டு நைசாக, “டீச்சருக்கு என்னா சொல்றது?” என்று பேச்சுக் கொடுத்தேன். அவள் பையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

“போராட்டம் நடக்கும்போது தொர குடுக்கிறத வாங்குறதில்ல” என்றாள் அம்மா.

இருவரும் தொடவில்லை. காலையில் எழுந்து பார்த்தபோது பைக்குள் காகிதம் மட்டும் இருந்தது.

நாலாம் நாள் நான் இறங்கி வந்தேன். உண்மையில் எனக்குப் பயம் பிடித்திருந்தது. டீச்சர் சொன்ன வெறும் பக்கங்கள் கண்ணுக்குள் நின்றன. ஒரு வரியும் எழுதாத பிள்ளையை ஐந்து வரி எழுத வைக்கப் போய், கோழி பற்றி எழுதியதையும் நிறுத்திவிட்டேன். இனி இவள் பென்சிலையே தொடாமல் போய்விட்டால் அந்தப் பழி என் தலையில்தான் விழும். மனைவியிடம், “ஹரி, ஹரி, சரி. என்னா வேணுமாம், கேட்டுச் சொல்லு” என்றேன்.

“கோரிக்கைய எழுத்துல குடுக்கணும். வாயால சொன்னா தொரமாரு மறந்துருவாங்க” என்றாள் அவள். மகள், “நீங்க எழுதுங்கம்மா” என்று கொஞ்சினாள். “நான் எழுதினா அது என் கோரிக்கை. பிரச்சன ஒன்னோடது. நீ எழுது.”

இரண்டு மாலை அவள் எழுதினாள். அடுக்களைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள். எனக்கு அந்தப் பக்கம் போக அனுமதி இல்லை. இரண்டாம் நாள் விளக்குப் போடும் நேரத்தில் ஒரு கடித உறை என் கைக்கு வந்தது. வெளியே, ‘மதிப்பிற்குரிய அப்பா அவர்களுக்கு’ என்று இருந்தது. உள்ளே கொப்பித்தாளில் இரண்டு முழுப் பக்கம். நான் வாசல்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பிரித்தேன்.

முதல் கோரிக்கை, வெயில் நாளில் தண்ணீருக்குக் கழிக்கக் கூடாது. மழை நாளில் கழித்தால் ஆட்சேபனை இல்லை என்று பெருந்தன்மையாக ஒரு வசனம். இரண்டாவது, ‘நான் எழுதினால் அப்பாவும் எழுத வேண்டும். எனக்கு ஐந்து வரி என்றால் அப்பாவுக்கும் ஐந்து வரி. துரை கொழுந்து எடுப்பதில்லை. ஆனால் அப்பா துரை இல்லை.’ இதற்குச் சத்தமாகவே சிரித்தேன். பக்கத்தைத் திருப்பினேன்.

‘லீவில் நான் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு மலைக்கு வந்தேன். அப்பா எல்லாரையும் ஏசினீர்கள். அம்மாவைக் கூட ஏசினீர்கள். அம்மா ஒன்றும் பேசாமல் கொழுந்து எடுத்தார். நான் வந்ததை அப்பா பார்க்கவில்லை. நான் போத்தலைப் பெரிய கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு டீச்சர் என் அப்பா என்று எழுதச் சொன்னார். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அதை எழுதினால் டீச்சர் அப்பாவைக் கெட்டவர் என்று நினைப்பார். பொய் எழுதவும் விருப்பமில்லை. அதனால் எழுதவில்லை. என் வீடு என்று எழுதச் சொன்னபோதும் அப்படித்தான். அப்பா எனக்குப் பின்னால் நின்றால் மலையில் நிற்பது போல் இருக்கிறது. பக்கத்தில் உட்கார வேண்டும். இது மூன்றாவது கோரிக்கை.’

நான் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் மலையில் யார் யாரோ என் முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள். ஒன்றும் என்னைத் தைத்ததில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க வெறும் தாளைக் கொடுத்து டீச்சரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறாள். அது தைத்தது. எழுந்து போய்த் தண்ணீர் விழும் பீலிக்கரையில் முகம் கழுவினேன். திரும்பக் கழுவினேன்.

மனைவி பின்னால் வந்து, “என்னா எழுதியிருக்கா? எனக்கும் காட்ட மாட்டேன்னுட்டா” என்றாள். கடிதத்தைக் கொடுத்தேன். அவள் கடைசிவரை வாசித்தாள். சிரிக்கவில்லை. மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

“அன்னைக்கி போத்தல யாரு கொண்டாந்து வச்சான்னு இவ்வளவு நாளும் தெரியாம இருந்தேன்” என்றாள். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். சீனி போட்டிருந்தாள்.

மூன்று கோரிக்கைக்கும் கையெழுத்துப் போட்டேன். அடுத்த கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனேன். டீச்சர் என்னைக் கெட்டவன் என்று நினைத்தால் நினைக்கட்டும். மகளை ஒன்றும் எழுதத் தெரியாதவள் என்று நினைக்கக் கூடாது. டீச்சர் சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் வாசித்தார். ஓரிடத்தில் சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

“இத எழுதும்போது யாரு ஒதவி செஞ்சது?”

“ஒருத்தரும் இல்ல டீச்சர். நான் கழிச்சேன். அவ எழுதினா.”

விட்டுப்போன ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் டீச்சர் போட்டுவிட்டு, கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். “நான் மொதல்லயே சொன்னேனே, பக்கத்துல ஒக்காந்து கேளுங்கன்னு” என்றார். சொன்னார்தான்.

மலையில் வாயை அடக்குவது எழுதுவதைவிடக் கஷ்டம். முதல் நாள் மூன்று தரம் வாயைத் திறந்து மூடினேன். “என்னாங்க கங்காணி, தொண்ட கட்டிருச்சா? கொத்தமல்லி அவிச்சிக் குடிங்க” என்று ஒரு அக்கா கேட்டாள். பின்வரிசையில் என் மனைவி குனிந்து சிரித்ததைப் பார்த்தேன். அன்று கொழுந்தும் குறையவில்லை. என் கத்தலுக்கும் கொழுந்துக்கும் சம்பந்தமே இல்லையோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை மகளும் நானும் ஒரே மேசையில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு கொப்பி. ‘இன்று நல்ல வெயில். நான் மலைக்குப் போனேன். கொழுந்து எடுத்தார்கள். நான் பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்தேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். நெற்றியில் வியர்த்திருந்தது. அவள் வாசித்தாள். வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அப்பா, மழ வார மாதிரி இருக்கு. மூணு வரி தண்ணிக்கி கழிவு. அரைப் பேரு.”

என் சட்டத்தை என் தலையிலேயே போட்டாள். ஒப்பந்தத்தின்படி எனக்கு எதிர்த்துப் பேச உரிமை இல்லை.

மறுநாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அவள் தன் ஐந்து வரியை முடித்து, ஆறாவதையும் ஏழாவதையும் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நான் நாலு தாள் கிழித்தேன். கடைசியில் இதைத்தான் எழுத முடிந்தது.

‘மலையில் உன் அம்மாவை ஏசினேன். அது பிழை. மற்றவர்கள் ஏதும் சொல்லுவார்கள் என்று பயந்துதான் ஏசினேன். நீ வந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே வெட்கப்பட்டிருப்பேன்.’

கொப்பியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். எண்ணவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வாசிக்கும்வரை மகள் பக்கத்திலேயே நின்றாள். அம்மா தலையை ஆட்டிய பிறகுதான் திரும்பி வந்தாள். வந்து பென்சிலை எடுத்து, கீழே ஒரு கோடு இழுத்தாள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் வாசலுக்குப் போகவே இல்லை.

“தண்ணி இல்லப்பா” என்றாள். “முழுப் பேரு.”